டெல்டாவில் முதல் குறும்படம் எடுப்பவர்களுக்கு: ஒவ்வொரு காட்சியும் என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் முறை

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சிறிய அறையில், ஏறத்தாழ நாற்பது பேர் முன்னிலையில் எங்கள் பதினெட்டு நிமிடக் குறும்படத்தை முதன்முறையாகத் திரையிட்டோம். பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய இலேசான குடும்ப நகைச்சுவைப் படம் அது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "கடைசி வரைக்கும் அந்தச் சின்னவன் சாகவே இல்லியே தம்பி, ஏன்?" என்று கேட்டார்.

அவர் மேல் பிழை இல்லை. மூன்றாவது நிமிடத்தில் தம்பியாக நடித்தவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய தலைக்கு நேர் பின்னால், சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஃபோகஸ் அதில் இல்லைதான். ஆனாலும் கறுப்புக் கட்டமும் நடுவில் ஒரு முகமும் தெரிந்தால், எழுத்தைப் படிக்காமலேயே அது என்னவென்று சொல்லிவிடுவார்கள் நம் ஊர்க்காரர்கள். அன்று கேமராமேனும் நானும் நடிகரின் முகத்தில் விழுந்த காலை வெளிச்சத்தை ரசித்துக்கொண்டிருந்தோமே தவிர, சுவரைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, போஸ்டரில் இருந்தவரின் உறவினர் ஒருவர் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் வருத்தப்பட்டார். அந்த ஒரு காட்சியைத் திரும்ப எடுக்க ஒரு நாளும் பதினோராயிரம் ரூபாயும் செலவாயின.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் வாடகைக் கேமராவுடன் முதல் படத்தை எடுக்கப் புறப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பற்றிய பாடங்கள் எங்கும் கிடைக்கின்றன. கோலம் இல்லாத வாசல் நம் பார்வையாளருக்கு என்ன சொல்லும் என்பதை அந்தப் பாடங்கள் சொல்லித் தருவதில்லை. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். ஒவ்வொன்றின் செலவும் அதற்கு முந்தைய படியில் நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தே அமைகிறது.

1. படத்தின் வகையை ஒரே வரியில் எழுதி, ஏழு பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட தாளைத் தயாரியுங்கள்

"இது ஒரு திகில் படம்", "இது ஒரு குடும்ப நகைச்சுவை" என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் கேமராவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். எழுதிய பிறகு, ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஒவ்வொரு காட்சிக்கும் ஆறு பத்திகளை நிரப்புங்கள்: இடம், பொழுது, வெளிச்சம் வரும் திசை, உடை, ஃபிரேமுக்குள் தெரியும் பொருள்கள், கேமரா நிற்கும் இடமும் உயரமும். ஏழாவது பத்தியின் தலைப்பு "பார்ப்பவருக்கு இது என்ன சொல்லும்" என்பதாக இருக்கட்டும். நாங்கள் ஆறு பத்திகளோடு நிறுத்திக்கொண்டதால்தான் அந்த அம்மாளிடம் பதில் சொல்ல நேர்ந்தது.

ஏழாவது பத்தி எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கொல்லைப்புறக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழ, ஈரமான துவைகல்லும் கொடியில் காயும் வண்ணச் சேலைகளும் தெரிய, கேமரா ஆளின் கண் உயரத்தில் நின்றால் அது குடும்பப் படத்தின் கிணறு. அதே கிணற்றை, வெளிச்சம் வற்றிய பிறகு, பின்னால் ஒற்றை பல்பை எரியவிட்டு, கேமராவைத் தரையோடு தாழ்த்தி, ஃபிரேமில் பாதியை இருட்டாக விட்டு, ஆள் இல்லாமல் கயிறு மட்டும் இலேசாக ஆடுவதாக எடுத்தால் அது திகில் படத்தின் கிணறு. நண்பகலில், நிழலே இல்லாத வெளிச்சத்தில், மோட்டார் பைப்பும் உடைந்த பிளாஸ்டிக் வாளியும் ஒழுங்கில்லாமல் கிடக்க, தோளில் வைத்த கேமரா சற்றே அலைந்தபடி பார்த்தால், இங்கே ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, யாரோ விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். மூன்றிலும் வசனம் ஒரு சொல்கூட இல்லை. கிணறும் அதே கிணறுதான்.

வகையின் அடையாளங்களை வேண்டுமென்றே மாற்றி வைக்கலாம்; பளிச்சென்ற பகலில் திகிலைக் கொண்டுவருவது நல்ல முயற்சியே. ஆனால் அது தாளில் எழுதிச் செய்த மாற்றமாக இருக்க வேண்டும். இந்தத் தாளுக்குப் பத்து நாள்கள் ஒதுக்குங்கள். செலவு இல்லாத படி இது ஒன்றுதான்.

2. கதைக்கு ஏற்ற மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெல்டாவில் படம் எடுப்பவர்களுக்கு மிகப் பெரிய உதவியும் மிகப் பெரிய வில்லங்கமும் வயல்தான். பச்சை வயல் பின்னணியில் இருந்தால் எந்தக் காட்சியும் பாட்டுக்கு முந்தைய காட்சி போலவோ கல்யாண ஜோடியின் அவுட்டோர் ஷூட் போலவோ மாறிவிடும். எங்கள் படத்தில் அண்ணன் கடன்காரரிடம் மன்றாடும் இடத்தை நடவு முடிந்து நாற்பது நாளான வயலோரம் எடுத்தோம். எடுக்கும்போது எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். எடிட்டிங்கில் பார்த்தபோது, அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று அந்தப் பச்சை அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன் பயிரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது; இருப்பைப் பொறுத்து இந்தத் தேதிகள் முன்பின் ஆகும். திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள்கள் ஆகும். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்கு இன்னும் அதிக நாள்கள் ஆகும். ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டிய காட்சியை ஜூன் 12-க்கு மறுவாரமே கடைமடையில் வைத்துக்கொண்டு நடிகர்களை வரவழைத்தால், மணலைத்தான் படம் பிடிப்பீர்கள்.

நடவு முடிந்த முதல் இரண்டு வாரங்களில் வயல் கண்ணாடி போல வானத்தைக் காட்டும். தனிமை, காத்திருப்பு போன்றவற்றுக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி எனக்குத் தெரியவில்லை. பிறகு அடர்ந்த பச்சை வரும். கதிர் முற்றி வயல் முழுவதும் பொன்னிறமாக இருக்கும் காலம் மிகக் குறைவு. சம்பா அறுவடை முடிந்த பிறகு சாம்பல் பூத்த தாள்கட்டையும் உளுந்து, பயறு முளைத்த தரையும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெடித்த நிலமும் வெறும் ஆற்று மணலும் மிஞ்சும். குற்றம், கடன், ஊரைவிட்டுப் போதல் ஆகியவற்றைச் சொல்லும் கதைகளுக்கு இந்தப் பருவமே சரி, ஆனால் நடிகர்களும் யூனிட்டும் வெயிலில் வாடிவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு; மூன்று நாள் படப்பிடிப்புக்கு ஐந்து நாள் கால்ஷீட் வாங்காமல் இந்த மாதங்களில் இறங்காதீர்கள். மார்கழி, தை விடியற்காலைப் பனி இலவசமாகக் கிடைக்கும் திரை. எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வயலுக்குச் சொந்தக்காரரிடம் அறுவடைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு மாலையில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு மறுநாள் காலையில் மீதியை எடுக்கப் போனோம். இரவோடு இரவாக அறுவடை இயந்திரம் வந்து போயிருந்தது. நேற்று ஆள் உயரத்துக்குத் தெரிந்த பொன்னிற வயல், அன்று டயர்த் தடம் பதிந்த கட்டாந்தரை. இயந்திரம் கிடைக்கும் நேரத்தில் அறுப்பதுதான் விவசாயிக்கு முக்கியம். ஷாட்டுக்கு ஷாட் பின்னணி மாறாமல் இருக்க வேண்டும் என்ற நம் கன்டினியூட்டி அவருடைய கவலை இல்லை.

3. வீட்டையும் வாசலையும் பாருங்கள்

டெல்டாவின் பழைய ஓட்டு வீடு, ஃபிரேமுக்குள் ஃபிரேமைத் தானாகவே தருகிறது. திண்ணையிலிருந்து ரேழி வழியாகப் பார்த்தால், இருட்டான நடையின் மறுமுனையில் முற்றத்து வெளிச்சம் சதுரமாகத் தெரியும்; அங்கே நிற்பவர் உள்ளூர்க்காரரோ அந்நியரோ, அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு தூரம் இருப்பது சொல்லாமலே விளங்கும். முற்றத்துத் தூண்களுக்கு இடையே இரண்டு பேரைத் தனித்தனி இடைவெளியில் நிறுத்தினால் பங்கு பிரிந்துவிட்டது என்று பொருள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகத்தை வைத்தால் அடைபட்ட மனம். இவையெல்லாம் பலமுறை பார்த்தவைதான். பலமுறை பார்த்தவை என்பதாலேயே பார்ப்பவருக்கு உடனே புரிகின்றன. ஒரு படத்தில் ஒன்றிரண்டு போதும்.

வாசலை மட்டும் மிகக் கவனமாகத் தயார் செய்யுங்கள். கோலம் இருக்கிறதா, மாவிலை பச்சையா காய்ந்ததா, தெருவோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களா, கூடத்துச் சுவரில் உள்ள புகைப்படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா என்பவற்றை நம் பார்வையாளர் முகங்களைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுவார். எங்கள் கதையில் அதே வாசலில் முதலில் ஒரு கல்யாணமும் பின்னால் ஒரு சாவும் வரும். தென்னங்குருத்துத் தோரணம் பின்னுவதற்காக வந்த பெரியவர், குருத்தை மடியில் போட்டுக்கொண்டு, "தம்பி, நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் ஒரு முழம் பின்னிக் காட்டினார்: மடிப்பு வேறு, தொங்கும் விதம் வேறு. சிறுவயதிலிருந்து இரண்டு வகை வாசல்களையும் கடந்து வந்தவன் நான். கண் அறிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அவர் கேட்காமல் பின்னியிருந்தால், கல்யாணக் காட்சியில் சாவு வீட்டுத் தோரணம் தொங்கியிருக்கும், காரணம் தெரியாமலே பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள். ஆர்ட் (காட்சி அலங்கார) வேலைக்கு வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தாலும், அந்தத் தெருவில் உள்ள ஒரு மூத்தவரை அரை நாள் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களைப் பார்க்க மறவாதீர்கள். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சிக் கூட்டம் என்று எதுவும் ஃபிரேமில் வரக்கூடாது. போஸ்டரைக் கிழிக்காதீர்கள், அதனால் வேறு தகராறு வரும். ஒரு பழைய பாயைச் சாத்தி வையுங்கள் அல்லது கேமராவை இரண்டடி நகர்த்துங்கள்.

4. கடிதங்களும் அனுமதிகளும்

இந்தப் படிக்குக் குறைந்தது மூன்று வாரங்கள் தேவை.

தனியார் வீட்டுக்கு இடப் பயன்பாட்டு ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். தேதி, நேரம், வாடகைத் தொகை, எந்தெந்த அறைகள், மின்சாரம் யார் கணக்கில், சேதமானால் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்கட்டும். வீட்டு வரி ரசீது யார் பெயரில் உள்ளது என்று கேளுங்கள். இங்கே பழைய வீடுகள் பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொதுவானவை. எங்களுக்கு வீட்டின் மூத்த பங்காளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படப்பிடிப்பு தொடங்கிய இரண்டாவது மணி நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் இளையவர் தொலைபேசியில் பேச, அரை நாள் வேலை நின்றது. பங்குப் பிரிவினையைப் பற்றிப் படம் எடுக்கும்போதே அது நடந்தது என்பதால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பங்குள்ள அனைவரின் ஒப்புதலும், குறைந்தபட்சம் வாட்ஸ்அப் செய்தியாகவாவது, கையில் இருக்க வேண்டும்.

தெருவிலோ கடைத்தெருவிலோ எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், குழுவினர் பட்டியலும் அடையாள அட்டை நகல்களும், கருவிகளின் பட்டியல், இடத்தின் வரைபடம் ஆகியவற்றை இணைத்து இரண்டு நகல்கள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் பெற்றுக்கொண்டு திரும்புங்கள். அரிவாளோ பொய் இரத்தமோ காக்கி உடையோ காட்சியில் இருந்தால் அதைக் கடிதத்தில் தனி வரியாக எழுதுங்கள். இடம் எந்த மாவட்டம் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமானது. பழைய முகவரிகள் இன்னும் நாகப்பட்டினம் என்றே சொல்லும். கொள்ளிடத்தைத் தாண்டிவிட்டால் நீங்கள் அரியலூரிலோ கடலூரிலோ இருக்கக்கூடும்.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. உள்ளே படம் எடுக்கத் துறையின் உரிமம், நாள் கட்டணம், வைப்புத்தொகை ஆகியவை வேண்டும். டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) விரித்தாலே அனுமதி கேட்பார்கள். மற்றக் கோயில்களில் பெரும்பாலானவை இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ளதால் செயல் அலுவலரிடமிருந்து தொடங்க வேண்டும். முதல் படத்துக்கு இவற்றைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் யோசனை. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை: கோபுரம் ஃபிரேமில் வந்த நொடியே படம் பக்திப் படமாகவோ ஊர்ப் பெருமைப் படமாகவோ சாய்ந்துவிடும், பிறகு அதை இழுத்துப் பிடிக்கப் பெரும்பாடு பட வேண்டும். ரயில் நிலையம் வேண்டுமானால் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தை அணுகுங்கள்.

டிரோன் வேண்டும் என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசின் டிரோன் இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப் படைத் தளம் இருப்பதால் நகரைச் சுற்றி எங்கும் பறக்கவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். எனினும் டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை வாடகைக்கு ஓட்டுபவரிடம் விமானி சான்றிதழும் காப்பீடும் இருக்கின்றனவா என்று கேட்டு நகல் வாங்குங்கள். வயலுக்கு மேலே மெல்ல உயரும் டிரோன் ஷாட் இன்று கல்யாண வீடியோவையோ மனை விற்பனை விளம்பரத்தையோதான் நினைவூட்டுகிறது என்பதையும் ஏழாவது பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினான்கு வயது நிறையாத குழந்தை நடித்தால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை வேலை வாங்கக்கூடாது; சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாட்டு வண்டியை நினைத்தவுடன் ஃபிரேமில் ஏற்றிவிடாதீர்கள். படத்தைத் திரையரங்கில் வெளியிடத் தணிக்கைச் சான்றிதழ் பெறும் எண்ணம் இருந்தால், நடிக்கவைக்கும் விலங்குக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி இருக்க வேண்டும். வாரியத்தின் அலுவலகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது.

5. வெளிச்சம்

நம் பகுதி ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் மீசை போல விழும். கதாநாயகியை வில்லியாக்க வேண்டுமானால் அப்போது எடுக்கலாம். மற்றபடி பதினொன்றிலிருந்து மூன்று வரை வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் அந்தி வெளிச்சம் இங்கே இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குள் இரண்டு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

வீட்டுக்குள் முகத்தின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடுதான் வகையைச் சொல்கிறது. வேறுபாடு இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் முகம் முழுவதும் படிக்கக் கிடைக்கும், பார்ப்பவர் அந்த மனிதரை நம்புவார். நகைச்சுவைக்கும் குடும்பக் கதைக்கும் இது போதும். எட்டுக்கு ஒன்று என்று போனால் முகத்தில் பாதி மறைந்துவிடும், மறைத்து வைத்திருக்கும் பாதியில் என்ன இருக்கிறதென்று மனம் தேடத் தொடங்கும். இதற்குப் பெரிய விளக்குகள் வேண்டியதில்லை: ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோல் வைத்தால் முதல் வகை, தெர்மோகோலை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் இரண்டாவது வகை. ஐம்பது ரூபாய்த் தெர்மோகோல் எங்கள் படத்தில் வாடகை விளக்கைவிட அதிகமாக உழைத்தது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமைப்பில் நொடிக்கு 24 ஃபிரேமும் 1/48 நொடி ஷட்டரும் வைத்து டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக நடுக்கம் ஓடக்கூடும். கேமராவின் சிறிய திரையில் தெரியாது, எடிட்டிங்கில் தெரியும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வையுங்கள். 24 ஃபிரேம்தான் வேண்டும் என்றால் ஷட்டரை மட்டும் 1/50 ஆக்குங்கள். மலிவான எல்.இ.டி. பல்புகள் அதற்கும் அடங்காமல் நடுங்கும். அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய குண்டு பல்பைப் போடுங்கள். மஞ்சள் பல்பும் நீலம் கலந்த டியூப்லைட்டும் ஒரே கூடத்தில் எரிவது நம் வீடுகளில் சகஜம். இரண்டையும் ஒரே ஃபிரேமில் விட்டால் பார்ப்பவர் இரண்டு மனநிலைகளாகப் படிப்பார். நாங்கள் இதை ஒரே ஒரு இடத்தில் வேண்டுமென்றே செய்தோம்: அண்ணன் மஞ்சளில், தம்பி நீலத்தில். வசனத்தில் இரண்டு பக்கங்களை வெட்ட முடிந்தது.

6. உடையும் கைப்பொருளும்

வேட்டியின் கரையைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வேட்டியில் கட்சிக் கரை இருந்ததால், எங்கள் அப்பாவிக் கணக்குப்பிள்ளை இரண்டு காட்சிகளில் கட்சிக்காரராகிவிட்டார். துண்டு தோளில் கிடக்கிறதா, இடுப்பில் கட்டியிருக்கிறதா, கக்கத்தில் இடுக்கியிருக்கிறதா என்பது இந்த மண்ணில் யார் யாருக்கு முன் நிற்கிறார்கள் என்ற நீண்ட கசப்பைச் சொல்லும். தெரியாமல் செய்துவிட்டு "சும்மா போட்டோம்" என்று பிறகு சொல்ல முடியாது. கணவனை இழந்தவருக்கு வெள்ளைச் சேலை கட்டினால் படம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். நெற்றியும் கூந்தலும் வெறுமையாக இருந்தாலே விளங்கிவிடும்.

புத்தம் புதிய வெள்ளை வேட்டி வெயிலில் வெளுத்து, நெசவே தெரியாமல் எரிந்துவிடும். டீத்தூள் கரைத்த நீரில் ஒருமுறை நனைத்துக் காயப்போடுங்கள். தலையாட்டி பொம்மையைத் திகில் காட்சியில் தானாக ஆடவிடும் யோசனை எல்லோருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது, விட்டுவிட்டோம்.

7. கேமராவின் இடம்

அகலமான 24 மி.மீ. லென்ஸ் ரேழியை நீளமாக்கி ஆளைச் சிறியவராக்கும்; 85 மி.மீ. லென்ஸ் தூண்களையெல்லாம் நெருக்கி அடுக்கி, யாரோ தூரத்திலிருந்து கண்காணிப்பது போலக் காட்டும். இரண்டையும் ஒரே காட்சியில் காரணமில்லாமல் கலக்காதீர்கள். சினிமாத்தனமாக இருக்கிறது என்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 2.39க்கு 1 என்ற அகல-உயர விகிதத்தில் வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தட்டையான டெல்டாவின் அடிவானத்துக்கு அது அழகுதான். ஆனால் நம் தென்னையும் பனையும் தலை வெட்டுப்படும், கைப்பேசியில் பார்ப்பவருக்குப் படம் ஒரு ரிப்பனாகத் தெரியும். 16க்கு 9-இலேயே எடுங்கள்.

8. ஒலியை அணைத்துச் சோதியுங்கள்

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னால், கைப்பேசியிலேயே எல்லா இடங்களிலும் பத்துப் பத்து நொடி எடுத்து வரிசையாக ஒட்டி, ஒலி இல்லாமல், கதை தெரியாத மூன்று பேருக்குக் காட்டுங்கள். ஒருவராவது ஐம்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரராக இருக்கட்டும். "இது என்ன மாதிரிப் படம், யாருக்கு என்ன ஆகப் போகிறது?" என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். பதில் உங்கள் ஒரு வரிக்கு எதிராக இருந்தால் அவர்களோடு வாதாடாமல் எந்த ஷாட்டில் அப்படித் தோன்றியது என்று கேட்டு, அதை மாற்றுங்கள். எங்கள் போஸ்டர் இந்தச் சோதனையில் நிச்சயம் சிக்கியிருக்கும்.

9. செலவு

மூன்று நாள் படப்பிடிப்புக்கு நாங்கள் செலவழித்த கணக்கு இது. திருச்சியிலிருந்து வந்த கேமராவும் லென்ஸும் 10,500 ரூபாய்; விளக்குகளும் லைட்மேன் பேட்டாவும் 12,000; வீட்டு வாடகையும் துப்புரவும் 7,500; பதினான்கு பேருக்குச் சாப்பாடு 10,500; வண்டி 9,000; ஆர்ட், உடை, கைப்பொருள் 5,500; ஹார்ட் டிஸ்க் 5,000; வண்ணச் சீரமைப்பும் ஒலிக்கலவையும் 15,000. ஆக 75,000 ரூபாய். போஸ்டர் காட்சியைத் திரும்ப எடுத்த பேட்ச் ஒர்க்குக்குப் போன 11,000 இதில் சேராது. நடிகர்கள் நண்பர்கள் என்பதால் சம்பளம் இல்லை. திரும்பவும் எடுப்பதாக இருந்தால் விளக்கில் பாதியைக் குறைத்து ஆர்ட்டுக்கு இரட்டிப்பாக்குவேன்; திரையில் அர்த்தம் சொன்னவை பெரும்பாலும் அந்த 5,500 ரூபாய்க்குள் அடங்கியவைதான். எடுத்ததை வண்ணச் சீரமைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எதையும் விட்டுவைக்காதீர்கள். பச்சை வயலை நாங்கள் சாம்பலாக்கிப் பார்த்தோம். நடிகரின் தோலும் சேர்ந்து சாம்பலானது.

இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்குக்கு வேண்டும். 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்துள்ளது. புகைபிடிக்கும் காட்சி இருந்தால் எச்சரிக்கை வாசகம் திரையில் வந்தாக வேண்டும், அந்த வாசகம் உங்கள் கவனமான ஃபிரேமின் அடியில் உட்கார்ந்துகொள்ளும் என்பதால், சிகரெட் இல்லாமல் அந்தப் பாத்திரத்தைக் காட்ட முடியுமா என்று முதலிலேயே யோசியுங்கள்.

10. கிளம்புவதற்கு முன்

சாவுக் காட்சி எடுத்த அன்று இரவு களைப்பில் தோரணத்தையும் மாலை போட்ட பொய்ப் படத்தையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். விடியற்காலையில் பால்காரர் வாசலைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கெல்லாம் செய்தி சொல்ல, வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்து ஊரிலிருந்து பேருந்து ஏறிவிட்டார்கள். அந்தக் காட்சியைப் படப்பிடிப்பின் கடைசி நாளில் வைக்காதீர்கள், நடு நாளில் வையுங்கள். முடிந்த கையோடு தோரணத்தைக் கழற்றித் தெருவுக்கு வெளியே எடுத்துச் சென்றுவிடுங்கள். படத்தை மாலையோடு வண்டியில் ஏற்றுங்கள். மறுநாள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வீட்டு அம்மாளிடம் சொல்லி, அதற்கும் ஒரு சிறு பூசைக்கும் ஐந்நூறு ரூபாயை வாடகையோடு சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.